அக்சஸ் பாயின்ட் கூடக் கூட இழுவையும் கூடிய கதை

மூன்று மாடிக் கட்டடம், வைஃபை சிக்னல் பரப்பும் பெட்டிகளான அக்சஸ் பாயின்ட் 36. எந்த மூலையில் நின்றாலும் சிக்னல் முழுசாக இருக்கும். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் குறை சொல்ல முடியாத எண் வரும். ஆனால் வைஃபை அழைப்பில் பேசிக்கொண்டே நடந்தால் குரல் திக்கித் திணறும். புகார் வந்தபோதெல்லாம் எனக்கு முன்னால் இருந்தவர்கள் இன்னும் நாலு பாயின்டை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பொறுப்புக்கு வந்ததும் நானும் அதையே செய்தேன், புதிதாக ஆறு. நிலைமை இன்னும் மோசமானது.

அப்புறம்தான் அளக்க உட்கார்ந்தேன். அதிலும் முதலில் ஏமாந்தேன். சர்வரிலிருந்து போனுக்கு பிங் (போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று அளக்கும் சிறு செய்தி) அனுப்பினால் 150, 200 மில்லிசெகண்ட் காட்டியது. ஆள் அகப்பட்டான் என்று நினைத்தேன். உண்மையில் போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தன் ரேடியோவைத் தூங்க வைத்திருந்தது. அதற்கு வரும் பேக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, அக்சஸ் பாயின்ட் பிடித்து வைத்திருந்து, போன் விழித்து பீக்கனை (நான் இருக்கிறேன் என்று பாயின்ட் விடாமல் அனுப்பும் அறிவிப்பு) பார்த்த பிறகுதான் கொடுக்கும். பீக்கன் வருவது வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. ஆக, நான் அளந்தது போனின் தூக்கத்தை. சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பில் மின்சேமிப்பை அணைத்துவிட்டு, அதிலிருந்து கேட்வேக்கு (நெட்வொர்க்கின் வெளிவாசல்) பிங் ஓட விட்டபோது நிஜம் தெரிந்தது: பெரும்பாலும் 4, 5 மில்லிசெகண்ட்; நடுவே திடீரென்று 180, 240. சராசரியில் எல்லாம் சுகம். குரலை அறுத்தது அந்தத் தாவல்கள்தான்.

காரணம் காற்றில் இருந்தது. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. எங்களிடம் எட்டு எஸ்எஸ்ஐடி, அதாவது போனில் தெரியும் வைஃபை பெயர்கள்: விருந்தினருக்கு ஒன்று, பிரின்டருக்கு ஒன்று, எப்போதோ முடிந்துபோன ஒரு நிகழ்ச்சிக்குக்கூட ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி பீக்கன், அதுவும் மிகக் குறைந்த வேகமான 1 எம்பிபிஎஸ்ஸில். சுமார் 300 பைட் பீக்கன் அந்த வேகத்தில் காற்றை 2.6 மில்லிசெகண்ட் பிடித்துக்கொள்ளும். எட்டுக்கும் சேர்த்தால் காற்று நேரத்தில் 20 சதவீதத்துக்கு மேல். ஒரே சேனலில் மூன்று பாயின்ட் ஒன்றையொன்று கேட்டால் 60. ஒருவரும் ஒரு பைட்கூட அனுப்பும் முன்பே பாதிக்கு மேல் போய்விட்டது! நான் மாட்டிய ஆறும் இந்தக் கூச்சலில்தான் சேர்ந்துகொண்டன.

எஸ்எஸ்ஐடியை மூன்றாகக் குறைத்தேன். 1, 2, 5.5, 11 என்ற பழைய வேகங்களை மூடி, குறைந்தபட்சம் 12 எம்பிபிஎஸ் என்று வைத்தேன். அதே பீக்கன் கால் மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடுகிறது. 2.4 ரேடியோக்களில் பாதியை அணைத்தேன். 5 ஜிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தை 20 ஆக்கினேன்; வேகம் குறையும், ஆனால் தனித்தனி சேனல்கள் கூடும். ஸ்பீடு டெஸ்ட் எண் விழுந்ததும் மேலதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே மாடி ஏறுங்கள் என்றேன். ஏறினார், குரல் அறுபடவில்லை. அதற்குப் பிறகு எண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை.

ரோமிங், அதாவது நடக்கும்போது ஒரு பாயின்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, தனித் தலைவலி. எந்தப் பாயின்டுக்கு எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன்தான், நாமல்ல. பாயின்டுகள் முழு பவரில் கத்தினால், போன் கீழ்மாடியில் பிடித்ததையே மேல்மாடி வரை விடாமல் பிடித்துக்கொண்டு வரும். பவரைக் குறைத்ததும் நேரத்துக்கு மாறத் தொடங்கியது. மாறும்போது ஒவ்வொரு முறையும் முழு 802.1எக்ஸ் சரிபார்ப்பு (சர்வரிடம் அடையாளம் காட்டி உள்ளே வருவது) நடந்தால் நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் போய்விடும், வேகமாக மாறுவதற்கான 802.11ஆர் என்ற முறை அதைச் சில பத்துகளுக்குள் கொண்டுவரும். அதை இயக்கிய அன்று காலையிலேயே பழைய பார்கோடு ஸ்கேனர்கள் இணைய மறுத்தன. அவற்றுக்காக நாலாவதாக ஒரு எஸ்எஸ்ஐடி. அந்தத் தோல்வியை ஒத்துக்கொள்கிறேன்.

*

நண்பரே, உங்கள் கதையைப் படித்தேன். எங்கள் கதையில் காற்று சுத்தம், பாதைதான் கோணல். கிளை அலுவலகங்களில் அக்சஸ் பாயின்ட், அவற்றை மேய்க்கும் கன்ட்ரோலர் மட்டும் தலைமை அலுவலகத்தில். பக்கத்து மேசை பிரின்டருக்குப் போகவேண்டிய பேக்கெட்கூட டனலில் ஏறித் தலைமைக்குப் போய்த் திரும்பும். போக வர 45 மில்லிசெகண்ட் எப்போதும் மேலதிகம். டேட்டாவை அந்தந்தக் கிளை ஸ்விட்சிலேயே இறக்கிவிட்டு, கட்டுப்பாட்டுச் செய்திகளை மட்டும் கன்ட்ரோலருக்கு அனுப்பினோம். அவ்வளவுதான்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: குரலுக்கு டிஎஸ்சிபி (பேக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் எண்) 46 குறியிட்டிருந்தோம். பல கருவிகள் அதன் முதல் மூன்று பிட்டை மட்டும் எடுத்து 5 என்று படித்து, குரலை வீடியோ வரிசையில் நிறுத்திவிடும். குரல் வரிசைக்கான 6 என்று போகவேண்டும் என்பதை 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. எந்தக் குறி எந்த வரிசைக்கு என்று சொல்லும் மேப்பிங் டேபிளை ஒருமுறை திறந்து பாருங்கள்.

*

என் பங்குக்கு. எங்களிடம் 12 பாயின்ட்தான், எல்லாம் லினக்ஸ் ஓடுபவை. யாராவது பெரிய ஃபைலை ஏற்றினால் எல்லோருக்கும் பிங் ஒரு விநாடியைத் தாண்டும். தொலைந்துபோகும் பேக்கெட் மிகக் குறைவு, அதனால் எல்லாம் நலம் என்று பல நாள் நம்பினோம். தொலையாமல் நீண்ட வரிசையில் நின்றதுதான் நோயே. வரிசையை ஒழுங்குபடுத்தும் எஃப்க்யூ-கோடெல் என்ற முறையைப் போட்டதும் அடங்கியது. 2012 முதல் லினக்ஸ் கெர்னலில் இருக்கும் சரக்குதான். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், பேக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். 5 மில்லிசெகண்டுக்கு மேல் தொடர்ந்து தேங்கினால் கழிக்கத் தொடங்கும்.

கூடவே ஏர்டைம், அதாவது காற்றில் பேசும் நேரத்தின், சமப்பங்கீடு. 6 எம்பிபிஎஸ்ஸில் திணறும் ஒரு பழைய லேப்டாப் 1500 பைட் அனுப்ப 2 மில்லிசெகண்ட் எடுக்கும். 300இல் இருப்பவனுக்கு அது 0.04. ஆளுக்கு ஒரு பேக்கெட் என்று பங்கிட்டால் வேகமானவன் மெதுவானவனுக்காகவே காத்துக்கிடப்பான். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று பங்கிடவேண்டும்.

*

முதலில் எழுதியவன்தான். டிஎஸ்சிபி விஷயம் எங்களுக்கும் பொருந்தியது, நேற்று திருத்திவிட்டேன், நன்றி. ஒன்று சொல்ல மறந்தேன்: 5 ஜிகாஹெர்ட்ஸில் ரேடார் பகிரும் சேனல்களைப் போட்டால், ரேடார் தென்பட்டதும் பாயின்ட் அந்தச் சேனலைக் காலி செய்யும், அடுத்ததும் அதே வகையானால் குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகுதான் வாய் திறக்கும். ஒரு கூட்டத்தின் நடுவில் அது நடந்தது. அந்த அறையை மட்டும் வேறு சேனலுக்கு மாற்றிவிட்டேன்.

எத்தனை பாயின்ட் மிச்சம் என்று தனியாகக் கேட்டவருக்கு: இப்போது 31 ஓடுகின்றன. கழற்றிய 11 அலமாரியில் கிடக்கின்றன. நான் வந்ததும் மாட்டிய ஆறும் அதில் அடக்கம்.