கோயில் சிற்பங்களைப் படமெடுக்க: சோனி ஏ6400 நல்லதா, ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-டி30 இரண்டாம் பதிப்பு நல்லதா?

அரியலூர் ஆசிரியர் எழுதியது:

வணக்கம். நான் அரியலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். விடுமுறை நாள்களில் கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், தஞ்சைப் பெரிய கோயில் என்று சென்று, சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் படமெடுத்து, வகுப்பில் காட்டுவதற்காகத் தொகுத்து வருகிறேன். இதுவரை கைப்பேசியே போதும் என்று இருந்தேன். ஆனால் தாராசுரத்தில் மூலக்கோயிலின் வெளிச்சுவர் அடியில் வரிசையாக உள்ள நாயன்மார் கதைச் சிறு சிற்பங்களைப் பள்ளியின் பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது, கல்லின் சொரசொரப்பை எல்லாம் கைப்பேசி மெழுகு பூசியதுபோல வழித்துவிட்டிருந்தது. கதையைச் சொல்லும் கை முத்திரையே குழம்பிக் கிடந்தால் மாணவர்களுக்கு எதைக் காட்டுவது?

ஆகவே ஒரு சிறிய மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய வகை) வாங்க எண்ணுகிறேன். பேருந்தில் சென்று வருபவன் என்பதால் தோள்பை கனக்கக் கூடாது. தேடித் தேடி இரண்டில் வந்து நிற்கிறேன். சோனி ஏ6400, 2019 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது, 24 மெகாபிக்சல், மின்கலமும் அட்டையும் சேர்த்து 403 கிராம். ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-டி30 இரண்டாம் பதிப்பு, 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது, 26 மெகாபிக்சல், 378 கிராம். படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் இரண்டிலும் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவுதான். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இரண்டிலும் 23.6 லட்சம் புள்ளிகள் கொண்டது. கை நடுக்கத்தை ஈடுகட்டும் அசைவுத் தடுப்பு இரண்டின் பாடிக்குள்ளும் (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) கிடையாது. கடைக்காரர் சோனியின் ஆட்டோஃபோகஸ் மனிதரின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் என்கிறார். நண்பர் ஒருவர் ஃபூஜியின் நிறங்களுக்கு ஈடில்லை என்கிறார். நான் எடுக்கப்போகும் கருங்கல்லோ கண் சிமிட்டுவதும் இல்லை, நிறம் மாறுவதும் இல்லை.

லென்ஸோடு சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பள்ளிக் கபடிப் போட்டிகளையும் எடுக்க வேண்டியிருக்கும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குடந்தைவாசி எழுதியது:

ஐயா, கடைக்காரர் சொன்னதும் உங்கள் நண்பர் சொன்னதும் உண்மைதான். ஆனால் உங்கள் வேலைக்கு அவை இரண்டுமே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் அல்ல. நீங்கள் குறிப்பிட்ட மூன்று கோயில்களும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே முக்காலி வைப்பதற்கு முன் அனுமதி கேட்பார்கள். எனவே பெரும்பாலும் கையில் பிடித்துத்தான் எடுப்பீர்கள். மண்டபத்துக்குள் லென்ஸின் திறப்பை எஃப் 4 என்றும் (எண் குறையக் குறையத் திறப்பு அகலும்), சென்சாரின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 1600 என்றும் வைத்தாலே ஷட்டர் வேகம் நொடியில் பதினைந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 35 மில்லிமீட்டர் லென்ஸ் இந்தச் சென்சாரில் பழைய ஃபிலிம் கேமராவின் 52 மில்லிமீட்டர் லென்ஸ் போலக் காட்டும் என்பதால், கை நடுக்கம் தெரியாமலிருக்க நொடியில் ஐம்பது அறுபதில் ஒரு பங்காவது வேண்டும் என்பது பழைய கணக்கு. இரண்டுக்கும் இடையில் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு ஒளி, இடைவெளி இருக்கிறது. அதை எதைக் கொண்டு நிரப்புவது என்பதுதான் உங்கள் கேள்வி.

பலரும் உடனே, வாய் அகன்ற லென்ஸ் வாங்கி எஃப் 1.8-இல் திறந்து எடுங்கள் என்பார்கள். ஆள் படத்துக்கு அது சரி, சிற்பத்துக்குச் சரிவராது. 35 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து ஒன்றரை மீட்டர் தொலைவில் உள்ள சிற்பத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர்தான். தேவகோட்டத்தில் (கோயில் சுவரின் மாடத்தில்) நிற்கும் உருவத்தின் மூக்கு கூர்மையாக இருக்கும், பின்கையில் ஏந்திய ஆயுதம் கரைந்துபோகும். எஃப் 4-க்கு வந்தால் அந்த ஆழம் சுமார் 30 சென்டிமீட்டராகிறது, உருவம் முழுதும் அடங்குகிறது. ஆக, திறந்து வைக்கும் வசதிக்குப் பணம் கொடுத்தும் அதை உங்களால் பயன்படுத்த முடியாது. அதனால்தான், அசையாத பொருளை மங்கிய ஒளியில் எடுப்பவருக்கு லென்ஸின் வாய் அகலத்தைவிட அசைவுத் தடுப்பே உதவும் என்று சொல்கிறேன். ஓடும் பிள்ளையை அது உறைய வைக்காது, கல் ஓடப்போவதில்லை.

இரு பாடிகளிலும் அது இல்லாததால் லென்ஸில் இருந்தாக வேண்டும். இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. சோனியில் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 ஓஎஸ்எஸ் என்று 154 கிராமில் ஒரு லென்ஸ் இருக்கிறது; ஓஎஸ்எஸ் என்ற குறி அசைவுத் தடுப்பைக் காட்டுவது. ஃபூஜியின் 35 மில்லிமீட்டர் எஃப் 2 அருமையான லென்ஸ், ஆனால் அதில் அந்த வசதி கிடையாது. பாடியை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

கபடிக்குச் சோனிதான். நொடிக்கு 11 படங்கள் வரை எடுக்கும். கபடி பாடி வருபவரின் முகத்தைப் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது.

கருங்கல் எழுதியது:

குடந்தைவாசி சொன்ன அசைவுத் தடுப்புக் கணக்கை ஏற்கிறேன். அதிலிருந்து அவர் எட்டிய முடிவைப் பாதிதான் ஏற்கிறேன். ஃபூஜியில் அசைவுத் தடுப்புள்ள லென்ஸே இல்லை என்பதுபோல ஒரு தோற்றம் வந்துவிட்டது. 18-55 மில்லிமீட்டர் எஃப் 2.8-4 லென்ஸில் ஓஐஎஸ் என்ற பெயரில் அது இருக்கிறது. 310 கிராம் என்பது சற்றுக் கனம்தான், ஆனால் அகலக் காட்சி, தனிச் சிற்பம் இரண்டையும் லென்ஸ் மாற்றாமல் எடுக்கலாம். சோனி ஏ6400-உடன் வரும் 16-50 மில்லிமீட்டர் கிட் லென்ஸிலும் அசைவுத் தடுப்பு உண்டு, 116 கிராம்தான். எனினும் 16 மில்லிமீட்டரில் அதன் ஓரங்கள் மங்கலானவை, தூண்களின் வளைவை மென்பொருள்தான் நிமிர்த்துகிறது. கட்டடக்கலையைக் காட்ட விரும்பும் வரலாற்று ஆசிரியருக்கு இது சிறிய குறை அல்ல.

மற்றொன்று, கையில் பிடிக்கும் சுகம். எக்ஸ்-டி30-இல் ஷட்டர் வேகத்துக்கு ஒரு வட்டு, ஒளிச் சரிக்கட்டலுக்கு ஒரு வட்டு என்று மேலேயே இருக்கின்றன. இருண்ட மண்டபத்திலிருந்து வெயில் அடிக்கும் பிராகாரத்துக்கு வரும்போது மெனுவைத் திறக்காமலே விரலால் திருப்பிவிடலாம். சோனியின் தொடுதிரையில் ஃபோகஸ் புள்ளியைத் தொட்டு வைக்கலாமே தவிர, மெனுவைத் தொட்டு இயக்க முடியாது.

நானே ஃபூஜிக்காரன் என்றாலும் அதன் குறையை மறைக்கக் கூடாது. ஃபூஜியின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் நிற வடிகட்டிகள் மற்றச் சென்சார்களைப்போல இரண்டுக்கு இரண்டு கட்டமாக இல்லாமல், ஆறுக்கு ஆறு கட்டமாக அமைந்துள்ளன. அதன் ரா கோப்பை, அதாவது கேமரா பதப்படுத்தாத படத்தை, லைட்ரூம் என்ற மென்பொருளில் திறந்து கூர்மையை அதிகம் ஏற்றினால், நுண்ணிய சொரசொரப்புள்ள பரப்புகளில் புழு நெளிந்ததுபோல ஒரு கோலம் தோன்றும். புல்வெளியிலும் இலைக்கூட்டத்திலும்தான் இதைப் பெரும்பாலும் சொல்வார்கள். கருங்கல்லிலும் நான் பார்த்திருக்கிறேன். கூர்மையைக் குறைத்து வைப்பதோ, ஃபூஜி இலவசமாகத் தரும் எக்ஸ் ரா ஸ்டுடியோவில் கேமராவைக் கணினியோடு இணைத்து உருமாற்றுவதோ இதற்கு மருந்து. ரா பக்கமே போகாமல், கேமராவில் உள்ள அக்ரோஸ் கறுப்பு வெள்ளை முறையில் ஜேபெக் எடுத்தால் கல்வெட்டு எழுத்துகள் பளிச்சென்று நிற்கும். வகுப்புக்கு அதுவே போதும்.

ஆனால் எந்தக் கேமரா வாங்கினாலும், எழுத்துக்கு நேர் எதிரே நின்று வெளிச்சம் பாய்ச்சாதீர்கள். சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் ஒளி விழுந்தால்தான் வெட்டின் பள்ளத்தில் நிழல் தங்கும், தேய்ந்த எழுத்தும் எழுந்து வரும். வெளிச்சுவர்க் கல்வெட்டு என்றால் சூரியனே அதைச் செய்துவிடும், அதற்குரிய வேளையில் போக வேண்டும். வடக்குச் சுவருக்குக் கோடை மாதங்களின் காலையும் மாலையும்தான் வாய்ப்பு. மார்கழியில் போனால் அது நாள் முழுதும் நிழலில் கிடக்கும்.

அரியலூர் ஆசிரியர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கிட் லென்ஸா தனி லென்ஸா என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை. இன்னும் ஒரு ஐயம். தாராசுரச் சிற்பங்கள் முழங்கால் உயரத்துக்கும் கீழே இருக்கின்றன. குந்தி உட்கார்ந்து, தலையைத் தரையில் வைக்காத குறையாகத்தான் எடுக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவனுக்கு இது நெடுநேரம் முடிகிற காரியமில்லை. இந்த இரண்டில் எதன் திரை இதற்கு உதவும்?

பொன்னி எழுதியது:

இரண்டின் திரையும் மேல்நோக்கிச் சாயும்; கேமராவைத் தாழ்வாகப் பிடித்து மேலிருந்து பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டும் கேமராவைக் கிடையாகப் பிடிக்கும்போதுதான் அப்படி உதவும். தேவகோட்டச் சிற்பங்களுக்காக நெடுவாக்கில் திருப்பினால் சாயும் திரையால் பயனில்லை, மறுபடியும் குனியத்தான் வேண்டும். தாராசுரச் சிற்றுருவங்கள் அகலவாக்கில் அமைந்தவை என்பதால் அங்கே சமாளித்துவிடுவீர்கள்.

நெடுவாக்கும் வேண்டுமென்றால், நீங்கள் கேட்காத மூன்றாவது ஒன்றைச் சொல்கிறேன்: ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-எஸ்10. 2020 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. எக்ஸ்-டி30-இல் உள்ள அதே 26 மெகாபிக்சல் சென்சார், எந்தப் பக்கமும் திரும்பும் திரை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடிக்குள்ளேயே அசைவுத் தடுப்பு. அது இருந்தால் எந்த லென்ஸைப் பூட்டினாலும் தடுப்பு கிடைக்கும் என்பதால், குடந்தைவாசி எழுப்பிய சிக்கலே எழாது. எடை 465 கிராம். லென்ஸோடு உங்கள் தொகைக்குள் வருமா என்பதைக் கடையில் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

எதை வாங்கினாலும் இந்திய உத்தரவாத அட்டையும் ஜிஎஸ்டி பில்லும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் எட்டாயிரம் ரூபாய் குறைவு என்று ஒரு லென்ஸ் வாங்கினேன். அது வெளிநாட்டுச் சரக்கு என்பது பழுதுபார்க்கக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. மிச்சம் பிடித்த தொகையைப்போல இரண்டு மடங்கு செலவானது.

தூசி, ஈரம் பற்றியும் ஒரு சொல். ஏ6400-இன் பாடி ஓரளவு தூசியும் ஈரமும் புகாதபடி கட்டப்பட்டது. எக்ஸ்-டி30-க்கு அந்தக் காப்பு இல்லை. வௌவால் எச்சமும் கற்பொடியுமாக இருக்கும் மண்டபங்களில் லென்ஸைக் கழற்றி மாட்டாமலிருப்பது இரண்டுக்குமே நல்லது. வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். காவிரிக் கரையின் ஐப்பசி ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

அரியலூர் ஆசிரியர் எழுதியது:

நேற்றுத் திருச்சியில் ஒரு கடைக்குச் சென்று வந்தேன். எக்ஸ்-எஸ்10 என் தொகையைத் தாண்டிவிட்டது. தவிர, அன்று இருப்பிலும் இல்லை. மற்ற இரண்டையும் என் சொந்த அட்டையைப் போட்டு எடுத்துப் பார்க்க அனுமதித்தார்கள். விளக்கை அணைக்கச் சொல்ல முடியாது என்பதால், மேசைக்கு அடியில் ஒரு பத்து ரூபாய்த் தாளைச் சாய்த்து வைத்து, எஃப் 4-இல், நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு வேகத்தில் ஒவ்வொரு லென்ஸிலும் பத்துப் பத்துப் படங்கள் எடுத்தேன். வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, அசைவுத் தடுப்புள்ள 35 மில்லிமீட்டரில் எட்டுப் படங்களில் தாளின் சிற்றெழுத்துகளைப் படிக்க முடிந்தது. தடுப்பு இல்லாத 35 மில்லிமீட்டரில் மூன்றில்தான் முடிந்தது. ஃபூஜியின் 18-55-உம் எட்டுதான். ஆகவே கருங்கல் சொன்னதும் சரியாகவே இருந்தது.

வட்டுகளைத் திருப்பும் சுகத்துக்காக ஃபூஜியையே எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தடுமாறியதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் கபடியை நினைத்தும் தூசியை நினைத்தும் சோனி ஏ6400-ஐக் கிட் லென்ஸோடும் 35 மில்லிமீட்டர் ஓஎஸ்எஸ்ஸோடும் பதிவு செய்துவிட்டேன். வியூஃபைண்டர் வழியாக எடுத்தால் ஒரு மின்கலத்துக்கு 360 படங்கள் என்று குறித்திருப்பதால், மீதித் தொகையில் இரண்டாவது மின்கலம் ஒன்றையும் கேட்டிருக்கிறேன். முதலில் கங்கைகொண்ட சோழபுரத்துச் சண்டேச அனுக்கிரக மூர்த்தியைத்தான் எடுக்கப்போகிறேன்.

குடந்தைவாசி எழுதியது:

மகிழ்ச்சி, ஐயா. மெனுவில் தானியங்கி ஐஎஸ்ஓவுக்கான குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஓர் அமைப்பு இருக்கும். கோயிலுக்குப் போகும்போது அதை நொடியில் பதினைந்தில் ஒரு பங்காக வையுங்கள். இல்லையென்றால் கேமரா தானாகவே ஐஎஸ்ஓவைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடும். கபடிக்கு முன் ஐந்நூறில் ஒரு பங்குக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். நான் மறந்துபோய் என் அக்காள் மகனின் ஓட்டப் பந்தயம் முழுவதையும் வண்ணக் கோடுகளாக எடுத்து வந்திருக்கிறேன்.