கணவரின் பயம்: போதகரிடமா, வைத்தியரிடமா?

கேள்வி (வெள்ளவத்தை):
2022ஆம் ஆண்டு இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் கணவர் வேலை பார்த்த புறக்கோட்டைக் கடை மூடப்பட்டது. வேறு வேலை கிடைத்த பின்பும், இதுவும் போய்விடும் என்ற பயம் அவரை விடவில்லை. நடுச்சாமத்தில் எழுந்து வங்கிப் புத்தகத்தைப் புரட்டுகிறார். கொழும்பு–காலி வீதியில் பஸ் கிடைக்காமல் நான் சற்றுத் தாமதித்தாலும் ஓயாமல் அழைப்பு எடுத்து, வீடு வந்ததும் எரிந்து விழுகிறார். சபையில் சிலர் இது விசுவாசக் குறைவு என்றதிலிருந்து ஆராதனைக்கும் வர மறுக்கிறார். யாரிடம் அழைத்துச் செல்வது?

பதில் 1 (சபையில் உளவளத்துணை செய்பவர்):
சகோதரி, விசுவாசக் குறைவு என்று சொன்னவர்கள் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கட்டும். யேசபேல் அரசிக்கு அஞ்சி ஓடி, சூரைச்செடியின் கீழ் சாவை வேண்டிப் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவர் மறுபடி படுத்துக்கொண்டபோதும் பொறுத்திருந்து இரண்டாம் முறை எழுப்பினான். உங்கள் கணவருக்கும் முதலில் வேண்டியது உறக்கமும், கடிந்துகொள்ளாமல் கேட்கும் ஒருவரும்தான்.

‘ஒன்றும் ஆகாது’ என்று பயம் கேட்கும் உறுதிமொழியை ஒவ்வொரு தடவையும் கொடுத்தால், அப்போதைக்கு மனம் ஆறினாலும், அடுத்த தடவை அது இன்னும் விரைவாகக் கேட்கும். ஆகவே பஸ் ஏறியதும் ஓர் அழைப்பு, வங்கிப் புத்தகத்தை இருவரும் சேர்ந்து பார்க்கச் சனிக்கிழமை என்று, அவர் நிதானமாக இருக்கும் நேரத்தில் பேசி முடிவு செய்யுங்கள். தொடக்கத்தில் அவர் பதறுவார். ஜெபத்தை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பதில் 2 (கொட்டாஞ்சேனை):
முதலில் குடும்ப வைத்தியரைப் பாருங்கள். தைரொயிட் கூடினாலும் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். மனநல மருத்துவமனை இருக்கும் அங்கொடை என்ற பெயரைக் கேட்டாலே நம்மவர்கள் கூசுவார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்: தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே பேசலாம். மருந்து எடுப்பவர் ஜெபிக்கக்கூடாது என்று எந்த வைத்தியரும் சொல்வதில்லை.

பதில் 3:
அக்கா, ஆபிரகாம் தன் உயிருக்குப் பயந்து மனைவி சாராளைச் சகோதரி என்று சொன்னபோது, ஆபத்து அவள் தலையில்தான் விழுந்தது. ஆதியாகமம் 12இலும் 20இலும் அதே கதை. பயந்தவர் என்பதற்காக அவர் கோபத்தையெல்லாம் நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. கை ஓங்கும் நிலை வந்தால் சமரசம் பேசுவதை விட்டு, நம்பிக்கையான உறவினர் வீட்டுக்குப் போய் 1938 பெண்கள் உதவி இலக்கத்தை அழையுங்கள். போதகரிடம் அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.