பழைய அரசாணை நகல் தேடுவது எப்படி?

கேள்வி – வைகைக்கரை
ஓய்வூதியம் சம்பந்தமாக வந்த ஒரு கடிதத்தில், 1989-ஆம் ஆண்டு அரசாணை ஒன்றை எண்ணை மட்டும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். துறைப் பெயர் இல்லை. தமிழ்நாடு அரசு இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் சம்பந்தமில்லாத ஆணைகள் வருகின்றன. முழு நகல் எங்கே கிடைக்கும்?

பதில் 1 – கோப்புக்கட்டு
எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு துறையும் ஜனவரியில் 1-லிருந்து எண் போடத் தொடங்கும். அதிலும் (நிலை), (வாலாயம்), (1டி) என்ற வகைகளுக்குத் தனித்தனி வரிசைகள். ஆக ஒரே ஆண்டில் ஒரே எண்ணில் பல ஆணைகள் இருக்கும். வகை, எண், துறை, நாள் நான்கும் வேண்டும். ஓய்வூதியம் என்றால் முதலில் நிதித் துறையில் பாருங்கள், அடுத்து பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை (இப்போது மனிதவள மேலாண்மைத் துறை).

1989 ஆணை இணையத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆனால் அதே பொருளில் பின்னால் வந்த ஆணை இருக்கலாம். அதைத் திறந்து, ‘சுருக்கம்’ பகுதிக்குக் கீழே ‘படிக்க’ என்ற பட்டியலைப் பாருங்கள். முந்தைய ஆணைகள் எண், துறை, நாளோடு வரிசையாக இருக்கும். அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் விடுபட்ட விவரம் கிடைத்துவிடும்.

பதில் 2 – எழுத்துரு
இணையத்தில் தேடும்போது இதையும் கவனியுங்கள். பழைய தமிழ் பிடிஎஃப்கள் பல ‘வானவில்’ எழுத்துருவில் தட்டச்சானவை, மீதி வெறும் ஸ்கேன் படங்கள். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் குழம்பி வந்தால் அது வானவில் போன்ற பழைய எழுத்துருதான். கூகுளில் தமிழில் தேடினால் சிக்காது. துறை, ஆண்டு தேர்ந்தெடுத்து, பட்டியலில் பொருள் வரியைக் கண்ணால் படித்துப் போவதே வழி. பொருள் ஆங்கிலத்திலும் இருக்கலாம், ‘பென்ஷன்’ என்பதை ஆங்கில எழுத்தில் போட்டுப் பாருங்கள்.

பதில் 3 – நூலகப்படி
விதித் திருத்தமாக இருந்தால் அது அரசிதழிலும் (கெஜட்) வந்திருக்க வேண்டும். தலைமைச் செயலகத் துறைகள் வெளியிடும் பொதுவான விதிகள் பகுதி III, பிரிவு 1(அ)-வில் வரும். சட்டங்கள் பகுதி IV, பிரிவு 2-இல். அறிவிக்கையின் தலைப்பிலேயே அரசாணை எண்ணும் நாளும் இருக்கும். வார இதழ் புதன்கிழமை வருவது. ஆணை நாளிலிருந்து சில மாதங்கள் தள்ளியும் பாருங்கள், சிறப்பிதழ்களையும் விட்டுவிடாதீர்கள், அவை தனி எண் வரிசை. அண்மைய ஆண்டுகள் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் தளத்தில் உள்ளன. மாநிலத்தின் பெயர் 1969-இல் மாறுவதற்கு முந்தையதைத் தேடுவோர் நூலக அட்டவணையில் ‘செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழ்’ என்ற பெயரில் கேட்க வேண்டும்.

எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி (வெளியிடுவோர் ஒரு படி அனுப்ப வேண்டும் என்பது) நூல்களைப் பெறுவது. அரசு வெளியிடும் நூல்களும் அதில் அடக்கம். ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்ற வகைக்கு விலக்கு உண்டு. அதனால் அறிக்கை, சட்டத் தொகுப்பு போன்றவற்றை அங்கே கேளுங்கள், தனி அரசாணையை அல்ல. அதற்குத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அதுவும் எழும்பூரில்தான். துறை, நாள் இல்லாமல் போனால் அங்கேயும் கோப்பை எடுத்துத் தர முடியாது.

வைகைக்கரை
சென்னை வர இயலாது. வேறு வழி உண்டா?

கோப்புக்கட்டு
தகவல் உரிமைச் சட்டம், பிரிவு 6(1). சம்பந்தப்பட்ட துறையின் பொதுத் தகவல் அலுவலர், தலைமைச் செயலகம், சென்னை 600009 என்று எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் தனியே கேட்பார்கள். ‘இந்த ஆணையின்படி எனக்கு ஏன் தரவில்லை’ என்று காரணம் கேட்காதீர்கள், அதை மறுத்துவிடுவார்கள். ‘இந்த அரசாணையின் முழு நகல், இணைப்புகளுடன்’ என்று மட்டும் கேளுங்கள். ‘இணைப்புகளுடன்’ என்று எழுதாவிட்டால் கணக்கீட்டு அட்டவணை விடுபட்டுப் போகலாம்.

துறை தவறாகிவிட்டாலும் கவலை வேண்டாம், பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அதற்கும் முன்னால், கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்கே எழுதி, அவர்கள் காட்டிய ஆணையின் துறையையும் நாளையும் கேளுங்கள்.