ஜோட்டெரோவில் தேடினால் பாதிக்கு மேல் வரவில்லை, உதவி தேவை

பாளை_ஆய்வு: அவசரம். நூல்களையும் மேற்கோள்களையும் சேர்த்துவைக்கும் ஜோட்டெரோ மென்பொருளில் பழைய பயணக் குறிப்புகளை எல்லாம் ஏற்றிவிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்து அடிமை முறை பற்றித் தேடினால் நான் கண்ணால் பார்த்த பக்கம்கூட வரமாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை ஆய்வு கைடிடம் காட்ட வேண்டும்.

கொற்கைத்துறை: எந்த நூல்? எந்த மொழி, எந்த ஆண்டு அச்சு? என்ன சொல் போட்டுத் தேடினீர்கள்?

மேலரதவீதி: பிடிஎஃப்பில் ஒரு வரியை மவுஸால் இழுத்துப் பாருங்கள். செலக்ட் ஆகவில்லை என்றால் வெறும் படம்தான். படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் போடணும்.

ஆவணப்பித்தன்: இங்கே எத்தனையோ முறை சொல்லியாயிற்று. மென்பொருள் படிக்காது, நீங்கள்தான் படிக்க வேண்டும். நாங்கள் அட்டையில் எழுதி வைத்துத்தான் பட்டம் வாங்கினோம்.

பாளை_ஆய்வு: செலக்ட் ஆகிறது அண்ணாச்சி. பால்டேயஸ், 1703 ஆங்கில அச்சு. புக்கானனும் இருக்கிறது. 'ஸ்லேவ்' என்று தேடினேன்.

கொற்கைத்துறை: அப்படிச் சொல்லுங்கள். ஜோட்டெரோ ஒரு பிடிஎஃப்பில் முதல் 100 பக்கத்தைத்தான் தேடலுக்கு எடுத்துக்கொள்ளும். எழுத்துக்கும் 5 லட்சம் என்று வரம்பு உண்டு. செட்டிங்ஸில் இரண்டையும் கூட்டி, இண்டெக்ஸை, அதாவது தேடல் பட்டியலை, மறுபடி கட்டுங்கள். தேடல் பெட்டி 'எவ்ரிதிங்'கில் இருக்கட்டும். அப்புறம் அந்தக் கால அச்சில் எஸ் நீளமாக, எஃப் போலவே இருக்கும். குறுக்குக்கோடு இடப்பக்கம் மட்டும் துளி நீட்டியிருக்கும். ஓசிஆருக்கு அது தெரியாது. எஸ்ஸுக்குப் பதில் எஃப் போட்டும் தேடுங்கள்.

மேலரதவீதி: புக்கானன் எதற்கு? 1800-01 பயணத்தில் மைசூர், கோயம்புத்தூர், மலபார், கனரா என்று போனவர். நம் பக்கம் வரவில்லை. மலபாரில் அடிமைகளாக இருந்த செறுமர் நிலையைத் திருநெல்வேலிக்குச் சாட்சியாக வைக்க முடியாது.

ஆவணப்பித்தன்: 1843 சட்டத்தோடு எல்லா இடத்திலும் முடிந்த விஷயம். எல்லை பிரித்து என்ன ஆகப்போகிறது?

மேலரதவீதி: முடியவில்லை ஐயா. அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்பதுதான் 1843 சட்டத்தின் சாரம். ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றது 1860 தண்டனைச் சட்டம், அமலுக்கு வந்தது 1862-ல். அதுவும் பிரிட்டிஷ் சீமையில்தான். திருவிதாங்கூரில் விடுதலை அறிவிப்பு 1855-ல். செங்கோட்டை அப்போது அந்தப் பக்கம். தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்தில் சட்டமே வேறு. எல்லை பிரிக்காமல் எப்படி?

ஆவணப்பித்தன்: தேதி எனக்கும் தெரியும்.

கொற்கைத்துறை: சண்டை அப்புறம். பாளை, ஒவ்வொரு பகுதியையும் தனிக் குறிப்பாக்கி இடம், பயண ஆண்டு, அச்சு ஆண்டு போடுங்கள். நேரில் கண்டதா, கேட்டதா என்று கட்டாயம் டேக் வேண்டும். பால்டேயஸ் டச்சுக் கம்பெனியின் பாதிரியார். அந்தக் கம்பெனியே அடிமை வியாபாரம் செய்தது, அதை மனதில் வைத்துப் படியுங்கள். விற்கப்பட்டவர் ஒருவரின் பெயர் எங்காவது கிடைத்தால் அதற்கும் தனி டேக். அந்தப் பெயர் தொலையக் கூடாது.

பாளை_ஆய்வு: வரம்பைக் கூட்டியதும் வந்துவிட்டது. எஃப் போட்டால் பால்டேயஸில் நிறைய வருகிறது. ரொம்ப நன்றி அண்ணாச்சி.

மேலரதவீதி: நல்லது. புக்கானனைத் தனி அடுக்கில் வைத்தீர்களா?