இரட்டை அடுக்குப் பேருந்தின் மேல்தளத்துக்குக் கூரை வர ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று?

வழித்துணை:

அனைவருக்கும் வணக்கம். இலண்டனில் குதிரைகள் இழுத்த ஆம்னிபஸ்களின் காலத்திலேயே, அதாவது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, வண்டியின் கூரைமேல் நீளவாக்கில் போடப்பட்ட பலகையில் ஆட்கள் முதுகோடு முதுகு சேர்த்து அமர்ந்து பயணம் செய்திருக்கிறார்கள். 1880களில் அந்த இருக்கைகள் முன்னோக்கித் திருப்பப்பட்டு, ஏறுவதற்கு ஒழுங்கான படிக்கட்டும் வந்துவிட்டது. ஆயினும் 1920களின் நடுப்பகுதி வரை அந்நகரத்து மோட்டார் பேருந்துகளின் மேல்தளம் திறந்தவெளியாகவே இருந்திருக்கிறது. மழைக்குப் பேர்போன ஓர் ஊரில், அத்தனை ஆண்டுகளாக மேலே ஒரு கூரை போடாமல் இருந்ததற்கு என்ன காரணம்?

இதனோடு இன்னோர் ஐயமும் உண்டு. முன்புறம் ஓட்டுநரின் பக்கத்தில் இருந்த எஞ்சின் பிற்காலத்தில் பின்புறம் போனது எதனால்? இவை இரண்டும் தனித்தனிக் கதைகளா, அல்லது ஒரே காரணம் இரண்டுக்கும் அடியில் இருக்கிறதா என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

அச்சாணி:

நல்ல கேள்வி. கூரை போடுவது தச்சருக்குக் கடினமான வேலை அன்று. கூரையின் எடை எவ்வளவு உயரத்தில் போய் அமர்கிறது என்பதே சிக்கல்.

1910இல் இலண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் நிறுவனம் கொண்டுவந்த பி-டைப் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க் சியர்ல் வடிவமைத்த அந்த வண்டியில் உள்ளே 16 பேர், மேலே 18 பேர் என மொத்தம் 34 பேர் அமரலாம். மேலே இருப்பவர்களே அதிகம் என்பதைக் கவனியுங்கள். எஃகுத் தகடு பதித்த மரச்சட்டத்தால் ஆன அடிச்சட்டம் நேராக அச்சுகளின் மேல் படுத்திருந்ததால் கீழ்த்தளமே தரையிலிருந்து வெகு உயரத்தில் இருந்தது. மேல்தளம் அதற்கும் மேலே. டயர்கள் திண்ம ரப்பர். இப்படி ஒரு வண்டியின் உச்சியில் கூரையும் கண்ணாடியும் ஏற்றினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, வளைவுகளில் வண்டி கவிழ்ந்துவிடும் என்று பெருநகரக் காவல்துறை அஞ்சியது. அந்நகரில் பேருந்துகளுக்கு அனுமதி வழங்கியதும், எடைக்கும் வேகத்துக்கும் வரம்பு விதித்ததும் காவல்துறைதான். இங்கிலாந்தின் மற்ற ஊர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. விட்னெஸ் நகராட்சி 1909இலேயே கூரையிட்ட இரட்டை அடுக்குப் பேருந்துகளை ஓட்டியது.

1919இன் கே-டைப்பில் ஓட்டுநர் எஞ்சினுக்குப் பின்னால் அமராமல் அதன் பக்கவாட்டில் அமர்ந்தார். அந்த ஒரு மாற்றத்தால் கிடைத்த நீளமும், சக்கரங்களுக்கு மேலாக அகட்டப்பட்ட உடற்பகுதியும் சேர்ந்து இருக்கைகளை 46 ஆக்கின. ஆனால் உங்கள் கேள்விக்கு உண்மையான விடை 1923இல் வந்த என்.எஸ். டைப்பில் இருக்கிறது. அதன் அடிச்சட்டத்தை இரு அச்சுகளுக்கும் இடையே கீழ்நோக்கி வளைத்து, சாலையிலிருந்து ஒரே படியில் உள்ளே ஏறும் அளவுக்குத் தளத்தைத் தாழ்த்தினார்கள். கூரை ஏற்பதற்கென்றே வரையப்பட்ட வண்டி அது. அப்போதும் காவல்துறை உடனே இணங்கவில்லை. 1925இல்தான் கூரைக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆக, கூரைக்கு முன்பாகத் தரை இறங்க வேண்டியிருந்தது. இரட்டை அடுக்குப் பேருந்தின் பொறியியல் வரலாறு முழுவதுமே, மேலே ஒன்றைச் சேர்ப்பதற்காகக் கீழே ஒன்றைத் தாழ்த்திய வரலாறு என்பது என் கருத்து.

ஆரக்கால்:

அச்சாணி அவர்கள் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அடுத்த படி 1927இல் வந்த லேலண்ட் டைட்டன் டிடி1. ஜி. ஜே. ராக்கம் வடிவமைத்த அந்த வண்டி ஆறு சிலிண்டர் எஞ்சினும் தாழ்ந்த அடிச்சட்டமும் கொண்டு, மூடிய மேல்தளத்துடனேயே சுமார் 13 அடி உயரத்துக்குள் அடங்கியது. இங்கே நெருக்கடி கொடுத்தவை இரயில் பாலங்கள். நூற்றுக்கணக்கான சாலைகளில் பாலத்தின் அடிப்பகுதி தாழ்வாக இருந்ததால், ஓரடி குறைந்தாலும் புதிய வழித்தடங்கள் திறந்தன.

அந்த ஓரடியைப் பெற ராக்கம் கையாண்ட உத்தி: மேல்தளத்தின் நடைபாதையை நடுவிலிருந்து வலப்புற ஓரத்துக்கு மாற்றி, அதை மட்டும் பள்ளமாக இறக்கினார். நிற்பவர் பள்ளத்தில் நிற்பார், அமர்ந்தவருக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. ஆனால் மேலே ஒரு வரிசைக்கு நான்கு பேர் நெருங்கி அமர, சன்னலோரத்தில் இருப்பவர் இறங்க மற்ற மூவரும் எழ வேண்டியிருந்தது. கீழ்த்தளத்தில் வலப்பக்கம் அமர்ந்தவரின் தலைக்கு மேல் அந்தப் பள்ளம் துருத்திக்கொண்டிருந்தது. கவனமின்றி எழுந்தால் இடித்துக்கொள்ள நேரிடும். உத்தி திறமையானதுதான், ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர் பயணியே.

அதைத் தீர்த்தது பிரிஸ்டல் லோடெக்கா. அதன் முதல் மாதிரி 1949இல் வந்தது. தரையை உயர்த்திப் பிடித்திருந்தது நடுவே ஓடிய ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் (எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கடத்தும் தண்டு) பின் அச்சும்தான் என்பதை உணர்ந்து, ஷாஃப்டை ஓரத்துக்குத் தள்ளி, பின் அச்சின் நடுப்பகுதியையே கீழிறக்கினார்கள். பயணிகளின் நடைபாதை அந்தத் தாழ்ந்த அச்சின் மேலாகச் சென்றது. மொத்த உயரம் ஏறத்தாழ பதின்மூன்றரை அடிக்குள் இருக்க, இரு தளங்களிலும் நடைபாதை நடுவிலேயே அமைந்தது. இந்தத் துறையில் மிகக் குறைவாகப் பாராட்டப்பட்ட வண்டி இதுதான் என்பேன்.

நெடுந்தடம்:

கவிழும் அச்சம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சிறு கணக்கு. பிரிட்டனில் மேல்தளம் முழுவதும் பயணிகளின் எடைக்கு ஈடான பாரத்தை வைத்து, கீழ்த்தளத்தைக் காலியாக விட்டு, வண்டியை 28 டிகிரி சாய்ப்பார்கள். அதுவரை அது கவிழக் கூடாது. சக்கரங்களின் வெளிவிளிம்புகளுக்கிடையே 2.3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதியை 28 டிகிரியின் டேன் மதிப்பான 0.53ஆல் வகுக்கக் கிடைப்பது ஏறத்தாழ 2.16 மீட்டர். ஈர்ப்பு மையம் இதற்குக் கீழே இருந்தாக வேண்டும். சாய்கையில் சஸ்பென்ஷனும் ஒரு பக்கம் அமுங்கும் என்பதால், நடைமுறையில் இன்னும் தாழ்வாகவே வைக்க வேண்டும். எஞ்சின், அச்சுகள், கியர்பெட்டி எல்லாம் தரையோடு ஒட்டிக் கிடப்பதால் இது இயலுகிறது. 4 மீட்டருக்கும் மேல் உயர்ந்த வண்டியைக் கண்டு அஞ்சுவது இயல்பு. ஆனால் உயரம் வேறு, எடை இருக்கும் இடம் வேறு.

எஞ்சின் பின்னால் போனதற்குக் காரணம் சற்று வேறானது. 1958இல் உற்பத்திக்கு வந்த லேலண்ட் அட்லாண்டியனில் எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னால் குறுக்குவாட்டில் வைக்கப்பட்டது. அதனால் கதவு முன் அச்சுக்கும் முன்னால், ஓட்டுநரின் கண்ணெதிரே வந்தது. இருக்கைகளும் 78 வரை கூடின. 1966இல் நடத்துநர் இன்றி இரட்டை அடுக்குப் பேருந்தை ஓட்டலாம் என்று பிரிட்டனில் விதி மாறியபோது, ஓட்டுநரே பயணச்சீட்டு வழங்கத் தக்கவை இத்தகைய வண்டிகளாகவே இருந்தன. 1960இல் வந்த டெய்ம்லர் ஃப்ளீட்லைன், பின்புற எஞ்சினோடு தாழ்ந்த பின் அச்சையும் இணைத்து, லோடெக்காவின் பயனையும் சேர்த்துத் தந்தது.

அதே காலத்தில் இலண்டனுக்கென உருவான ரூட்மாஸ்டர் பேருந்து, எஞ்சினை முன்புறமே வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் நின்றது. தனி அடிச்சட்டமே இல்லாமல், அலுமினிய உடலையே சட்டமாக்கி, முன்னும் பின்னும் இரு துணைச்சட்டங்களைப் பொருத்தினார்கள். போர்க்காலத்தில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டிய அனுபவம் அதற்கு உதவியது. இலண்டனில் அதற்கு முன் ஓடிய ஆர்.டி. வகைப் பேருந்தைவிட 8 பேர் கூடுதலாக 64 பேரை ஏற்றியும் எடை கூடவில்லை. பொறியியலாக அதுவே சிறந்த வண்டி. வடிவ அமைப்பாக அட்லாண்டியனே வென்றது. ரூட்மாஸ்டரின் உற்பத்தி 1968இல் நின்றது, ஆனால் அது இலண்டனின் வழக்கமான சேவையில் 2005 வரை ஓடியது.

வழித்துணை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்களும் தெளிந்தன. மின்பேருந்துகளைப் பற்றி மட்டும் ஒன்று கேட்கலாமா? ஒற்றை அடுக்கு மின்பேருந்துகள் பலவற்றில் மின்கலங்கள் கூரைமேல் இருக்கின்றன. இரட்டை அடுக்கில் அது இயலாது என்று இப்போது புரிகிறது. அப்படியானால் அவை எங்கே போகின்றன?

அச்சாணி:

பழைய எஞ்சின் இருந்த பின்புற அறை, படிக்கட்டின் அடி, தரையின் கீழ் என்று, கிடைக்கும் தாழ்வான இடங்களிலெல்லாம் பகிர்ந்து வைக்கிறார்கள். எடை கீழே இருப்பதால் சாய்வுச் சோதனைக்கு அது உதவியே. ஆனால் அந்த எடை பின் அச்சின் மேல் குவிகிறது. ஒவ்வோர் அச்சும் சாலைமீது எவ்வளவு சுமையை இறக்கலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. எனவே மின்கலத்தைக் கூட்டினால் பயணிகளைக் குறைக்க வேண்டிய நிலை வருகிறது. ஹாங்காங்கில் 1980களிலிருந்தே 12 மீட்டர் நீள வண்டிகளுக்கு மூன்றாவது அச்சு கொடுத்து இதே சுமைச் சிக்கலை வேறு காரணத்துக்காகத் தீர்த்தார்கள். இரண்டு அச்சுகளோடு நிற்க விரும்பும் நகரங்களில், உடற்பகுதியின் ஒவ்வொரு கிலோவையும் குறைப்பதே இன்றைய வடிவமைப்பாளரின் பெரும் வேலையாக இருக்கிறது.