புதுப்பிப்பு: கடன் பாக்கியோடு செக்யூரிட்டி கிளியரன்ஸ் கேட்ட கதை

போன வருடம் எழுதியிருந்தேன்: அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலை, 11,000 டாலர் ஆஸ்பத்திரி பாக்கி வசூல் ஏஜென்சிக்குப் போய்விட்டது, செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைக் கையாள அரசு தரும் அனுமதி) வருமா என்று. வந்துவிட்டது.

நான் பயந்தது தொகையைப் பார்த்து, ஆனால் விசாரணைக்கு வந்தவர் துருவியது கடன் ஏன் வந்தது, வந்தபின் நான் என்ன செய்தேன் என்பதைத்தான். 2017 முதல் நடப்பில் உள்ள கிளியரன்ஸ் விதிகளில் பண விவகாரம் 'எஃப்' பிரிவு. கடனில் மூழ்கியவர் பணத்துக்கு விலைபோகலாம் என்பது அவர்கள் கவலை. வேலையிழப்பு, நோய், விவாகரத்து மாதிரி கைமீறிய காரணம் என்றால் கணக்கில் எடுக்கிறார்கள், அதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கவும் கூடாது. மாதம் 200 டாலர் தவணை பேசி, ஆறு மாத ரசீதைக் காட்டினேன்.

கிளியரன்ஸுக்கு நிரப்பித் தரும் எஸ்எஃப்-86 படிவத்தில், கடந்த 7 வருடத்தில் 120 நாளுக்கு மேல் கட்டாமல் விட்ட கடன் உண்டா என்று கேட்பார்கள். எழுதாமல் விடச் சொன்னீர்களே சிலர், நல்லவேளை நான் கேட்கவில்லை! நம் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் அறிக்கையில் பெரும்பாலும் தெரிந்துவிடும், வேண்டுமென்றே மறைத்தால் அது தனிக் குற்றம்.

அப்புறம், திவால் மனு போட்டாலே கிளியரன்ஸ் போச்சா என்று கேட்டவருக்கு: அது ஒன்றுக்காகவே தானாக மறுத்துவிடுவதில்லை.