தொடை வழி சிறுத்திருந்தால் டாவிக்கு (நெஞ்சைத் திறக்காமல் ரத்தக் குழாய் வழியாக அயோர்ட்டிக் வால்வு வைப்பது) அடுத்த வழி எது?

உசிலை டாக்டர்:
வணக்கம். 76 வயதுக்காரர், உசிலம்பட்டிப் பக்கம். அயோர்ட்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது, இ.எஃப். (ஒரு துடிப்பில் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 35. ஏற்கெனவே பைபாஸ் ஆனவர்; லீமா கிராஃப்ட் (நெஞ்சுச் சுவரின் இடது தமனியை இதயத்தில் இணைத்தது) நன்றாக ஓடுகிறது. சிறுநீரக அளவான கிரியாட்டினின் 1.6. மதுரையில் எடுத்த சி.டி.யில் வலது இலியாக் (தொடைக்கு மேலே இடுப்புத் தமனி) 4.8 மி.மீ., இடது 4.4, இரண்டிலும் கால்சியம். 26 மி.மீ. சேப்பியன் (பலூனால் விரியும்) வால்வு பொருந்தும் என்கிறார்கள். இடது சப்கிளேவியன் (காலர் எலும்புக்குக் கீழே கைக்குப் போகும் தமனி, 6.2 மி.மீ.) வழியாகப் போகலாமா? வீட்டார் கேட்பது ஒன்றுதான்: மறுபடி நெஞ்சைத் திறக்கணுமா?

கேத்லேப் மதுரை:
தொடையை இப்பவே கைவிடாதீங்க சார். 14 பிரெஞ்ச் (குழாய்த் தடிமன் அளவு) இ-ஷீத்துக்கு, அதாவது வால்வு போகும்போது விரிந்து கொடுக்கும் உறைக்கு, 5.5 மி.மீ. வேணும். இந்த 4.8 எந்த இடத்தில், எப்படி அளந்தது? குழாயின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டிப் பார்க்காவிட்டால் அளவு தப்பும். கால்சியம் சி.டி.யில் நிஜத்தைவிடப் பருத்துத் தெரியும். அதனால் உள்விட்டம் குறைத்துக் காட்டும். இந்தக் கிரியாட்டினினில் மறுபடி கான்ட்ராஸ்ட் (சி.டி.க்குப் போடும் சாய மருந்து) வேண்டாம். அதே படத்தின் மெல்லிய ஸ்லைஸ்களை வாங்கி, விண்டோவை (படத்தின் கறுப்பு-வெள்ளை வரம்பை) அகலமாக வைத்து அளக்கச் சொல்லுங்க.

கால்சியம் ஒரு பக்கச் சுவரில் மட்டும் என்றால் எதிர்ச்சுவர் விரிந்து கொடுக்கும். வளையமாகச் சுற்றியிருந்தால் கொடுக்காது. அழுத்தித் தள்ளினால் இலியாக் கிழியும். பல நேரம் ஷீத்தை உருவிய பிறகுதான் பி.பி. சட்டென்று விழுந்து அது தெரியவரும். வளையம் சிறு நீளத்துக்குத்தான் என்றால் ஐ.வி.எல். பலூன் (அதிர்வலையால் கால்சியத்தை உடைப்பது) உதவும்: 4 அட்மாஸ்பியரில் வைத்து அதிர்வு கொடுத்து, பிறகு 6-க்கு ஏற்றுவது. கிழிசலை மூடும் கவர்டு ஸ்டென்ட்டும் ரத்தத்தை நிறுத்தும் அடைப்புப் பலூனும் மேஜையில் இல்லாமல் இதைத் தொடக் கூடாது.

கே.கே.நகர் சர்ஜன்:
இடது சப்கிளேவியன் இவருக்கு வேண்டவே வேண்டாம். லீமா கிளம்புவதே அங்கிருந்துதான். வால்வு கடக்கும்போது இ-ஷீத் 7 மி.மீட்டருக்கு மேல் விரியும், 6.2 குழாயில் லீமாவுக்கு ரத்தம் நிற்கும். இந்த இ.எஃப்.-இல் அதைத் தாங்க மாட்டார். அபெக்ஸ் (இதய நுனி) வழியும் அப்படித்தான், பலவீனமான தசையில் ஓட்டை போட்டுத் தைப்பது.

தொடை நிஜமாகவே முடியாதென்றால் என் தேர்வு இடது கரோட்டிட் (கழுத்துத் தமனி). அங்கிருந்து வால்வுக்குப் பாதை ஏறக்குறைய நேர்கோடு. காலர் எலும்புக்கு மேலே 3–4 செ.மீ. வெட்டு, வேகஸ் நரம்பு ஒட்டியே ஓடும், கவனம். ஹெப்பாரின் கொடுத்து ஏ.சி.டி. (ரத்தம் உறையும் நேரம், நொடிகளில்) 250-க்கு மேல் வந்ததும் க்ளாம்ப் போட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். மூளை ஆக்சிமெட்ரி (மூளையின் ஆக்சிஜன் அளவு) 20 சதவீதம் இறங்கினால் முதலில் பி.பி.யை ஏற்றுங்கள், அப்படியும் அது ஏறாவிட்டால் ஷண்ட் (மூளைக்கு ரத்தம் விடும் தற்காலிகக் குழாய்), இல்லையேல் வேறு வழி. தூரம் குறைவு என்பதால் ஷீத்தைச் சில சென்டிமீட்டருக்கு மேல் விடாமல் தைத்து நிறுத்த வேண்டும். வால்வைப் பலூன் குழாயில், தொடை வழிக்கு ஏற்றும் அதே திசையில்தான் ஏற்ற வேண்டும். அபெக்ஸுக்கு மட்டும்தான் தலைகீழ். அவசரம் நேர்ந்தாலொழிய நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை என்று வீட்டாரிடம் சொல்லலாம்.

கேவல் வழியும் உண்டு: ஐ.வி.சி.யிலிருந்து (வயிற்றுப் பெருஞ்சிரை) மின்சாரம் பாய்ச்சிய வயரால் வயிற்று அயோர்டாவுக்குள் நுழைந்து, முடிவில் அடைப்பான் வைத்து மூடுவது. அயோர்டாவின் வலப்பக்கச் சுவரில் கால்சியம் இல்லாத இடம் வேண்டும், பழகிய கைகளும் வேண்டும்.

உசிலை டாக்டர்:
நன்றி சார். எங்கள் சி.டி. காலர் எலும்போடு நின்றுவிட்டது. கழுத்துக்குத் தனியாக எடுக்கணுமா?

கே.கே.நகர் சர்ஜன்:
முதலில் டாப்ளர் (ரத்த ஓட்டம் காட்டும் ஸ்கேன்) போதும். இரண்டு பக்கமும் விட்டம், பிளாக் (சுவரில் படிந்த கொழுப்பு), வெர்டிப்ரல் (கழுத்தின் பின்பக்கத் தமனி) ஓட்டம் எழுதி வாங்குங்கள். வலது இன்டர்னல் கரோட்டிட்டில் (மூளைக்குப் போகும் கிளை) பெரிய அடைப்பு இருந்தால் இடதுபக்கம் க்ளாம்ப் போடவே கூடாது. கரோட்டிட் கிளம்பும் இடம் ஏற்கெனவே உங்கள் நெஞ்சு சி.டி.யில் இருக்கும், அதையும் பாருங்கள்.